பேர் விழுந்தால்தான் சம்பளம்

(சுயதொழில் செய்யும் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பார்க்க, டவுனுக்குப் போக என்று உங்களுக்கு இருப்பது இந்த ஒரு நாள்தான். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் சுற்றி வளைத்துப் பேசப் போவதில்லை.

தையல், கேக் செய்தல், கோழி வளர்ப்பு, மரக்கறித் தோட்டம், ஓட்டோ, போட்டோ எடுத்தல் என்று நம்மவர்கள் பலர் இப்போது சிறு தொழில்கள் செய்கிறார்கள். அநேகம் பேரிடம் அந்தத் தொழிலுக்கென்று ஒரு பேஸ்புக் பக்கமும் இருக்கிறது. ஆனால் பக்கம் இருந்தும் ஆட்கள் வருவதில்லை. "நாங்களும் போட்டுத்தான் வச்சிருக்கோம், ஒருத்தரும் கேட்கல்லியே" என்கிறார்கள். ஏன் கேட்கவில்லை, அதை எப்படிச் சரி செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் "பேரு" என்றால் என்ன? காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்து, செக்ரோலில் நமது பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேரு. நாள் முழுக்க மழையில் நனைந்திருந்தாலும், பெயர் விழவில்லை என்றால் வேலை செய்யாத கணக்குத்தான். அந்தச் சம்பளமும் லேசில் உயர்ந்ததல்ல. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் பேசினோம்! 2021 இல்தான் அது வந்தது. பேரின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போனிலும் இதே கதைதான். நீங்கள் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், தேடுகிறவர் கண்ணில் உங்கள் பெயர் சரியாக விழவில்லை என்றால், அன்றைய ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். போனது நமக்குத் தெரியவும் தெரியாது. கணக்கப்பிள்ளையிடம் போய், "ஏன் என் பேரு விழல்ல?" என்று கேட்கலாம். இங்கே கேட்க ஆளில்லை.

நமது ஸ்டோரையே பாருங்கள். அங்கிருந்து ஏலத்துக்குப் போகும் தேயிலை எதுவும் வெறும் பையில் போவதில்லை. தோட்டத்து மார்க், கிரேட், எடை, இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் பதிந்துதான் போகிறது. கொழும்பிலே இருந்து வாங்குகிறவர் நமது மலையைக் கண்டதில்லை. அந்த மார்க்கையும் மாதிரியையும் பார்த்துத்தான் விலை கேட்கிறார். கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883 இல். அன்று முதல் மண்டபத்தில் கூடி வாயால் விலை கேட்டு வந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு வந்தபோது, அந்த ஏலமே கொம்பியூட்டர் திரைக்குப் போய்விட்டது. அவ்வளவு பழைய ஏலமே திரைக்கு மாறியபோதும், மார்க் இல்லாமல் ஒரு பை விற்கவில்லை. நாம் பறித்த கொழுந்துக்கு இருக்கும் ஒழுங்கு, நாம் தைத்த சட்டைக்கும் இருக்க வேண்டாமா?

இப்போது என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனது அக்கா கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். பகலில் மலைக்குப் போவார். மாலையில் தையல். பிளவுஸ், பிள்ளைகளின் பாடசாலை உடுப்பு, தீபாவளிக்குப் பாவாடை சட்டை என்று எல்லாம் தைப்பார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் எங்கள் சித்தி மகன் ஒரு நாள் லீவில் வந்தபோது, "அக்கா, ஒங்களுக்கு ஒரு பக்கம் திறந்து தாரேன்" என்று பேஸ்புக்கில் ஒன்றைத் திறந்து கொடுத்தான். நல்ல பிள்ளை, நல்ல எண்ணம். எங்களுக்கும் பெருமை. நாலைந்து படம் போட்டோம். அப்புறம் மறந்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, கோவில் திருவிழாவில் ஒரு டீச்சர் அக்காவைக் கண்டு, "உங்களத்தான் தேடினேன், கிடைக்கல்லியே!" என்றார். பாடசாலை விழாவில் நடனமாடும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க வேண்டியிருந்ததாம். யாரோ அக்காவின் கைவேலையைச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் போனில் தேடிப் பக்கத்தையும் கண்டுபிடித்திருக்கிறார். இடம் என்ற இடத்தில் "கொழும்பு" என்று இருந்தது. அதிலிருந்த நம்பரை எடுத்துப் பார்த்தால், வேறு யாரோ சிங்களத்தில் பேசினார்களாம். சரி, இது வேறு ஆள் போல என்று நினைத்து, டவுனில் கொடுத்துவிட்டார்.

அக்கா அன்று திருவிழாவில் சாமி பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, இருபத்திரண்டை ஒரு உடுப்பின் கூலியால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரு அது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் யாருடையது? டீச்சருடையதல்ல. தம்பியுடையதும் அல்ல. அவன் திறந்தபோது இடம் கொழும்பு என்று விழுந்திருக்கிறது. நம்பர், அக்கா ரீலோட் செய்யாமல் விட்ட பழைய சிம்முடையது. அப்படி விட்ட நம்பரைக் கம்பனி எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாசலில் பலகை மாட்டிவிட்டு இரண்டு வருஷம் அதைத் திரும்பிப் பார்க்காதது எங்கள் குற்றம்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது வேலை: உங்களை நீங்களே தேடுங்கள். உங்கள் போனில் அல்ல, அடுத்த வீட்டுக்காரரின் போனில். உங்கள் போனுக்கு உங்களைத் தெரியும், அதனால் உடனே காட்டிவிடும். பிறத்தியார் போனில் "ஹட்டன் தையல்", "கொட்டகலை பிளவுஸ்" என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அடித்துப் பாருங்கள். என்ன வருகிறதோ அதுதான் வாடிக்கையாளர் காணும் நீங்கள். நாங்கள் தேடியபோது அக்காவின் பெயரில் இரண்டு பக்கங்கள் வந்தன. ஒன்று தம்பி முதலில் திறந்து பாஸ்வேர்ட் மறந்த பக்கம்! உங்களுக்கும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். எது உண்மை என்று தேடுகிறவருக்குத் தெரியாது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உங்கள் கையில் இருந்து, பெயரும் ஒத்திருந்தால் ஒன்றாக இணைக்க வழி உண்டு. இல்லையென்றால் பழையதை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. தனி ஆள் கணக்கையே கடையாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தனிக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர முடியாது. அதை வியாபாரத்துக்குப் பாவிப்பது பேஸ்புக்கின் விதிக்கும் பொருந்தாது. வியாபாரத்துக்குத் தனியாகப் "பக்கம்" திறப்பதற்குக் காசில்லை.

இரண்டாவது, பெயர். இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மகளின் பெயரோடு "பேஷன்", "கிரியேஷன்" என்று சேர்த்து வைக்கிறோம். கேட்க அழகு. ஆனால் ஹட்டனில் இருந்து தேடுகிறவருக்கு நமது மகளின் பெயர் தெரியுமா? அவர் தேடுவது தொழிலையும் ஊரையும். ஆகவே பெயரிலேயே தொழிலும் ஊரும் வரட்டும். மகளின் பெயர், தையலகம், கொட்டகலை. அவ்வளவு போதும். பேஸ்புக், வட்ஸ்அப், கூகுள் மேப், சுவரில் ஒட்டும் நோட்டீஸ் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி என்றால் இரண்டு ஆள் என்றே நினைப்பார்கள். பக்கத்தின் "வகை" என்று ஒன்று கேட்கும். அதில் தையற்காரர் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அக்காவின் பக்கத்தில் அது "பொழுதுபோக்கு" என்று கிடந்தது!

நமது மலைநாட்டில் மூன்று மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். டவுனில் நமது வாடிக்கையாளர் பலர் சிங்களவர். ஆகவே விபரம் எழுதும் இடத்தில் தமிழில் இரண்டு வரி, சிங்களத்தில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் எழுதித் தருவார்கள். ஒரு சிங்களம் தெரிந்த ஆளிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டவுனில் நோட்டீஸ் அடிக்கிற கடைகளில் பாமினி எழுத்தில் டைப் செய்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். போனில் உள்ள தமிழ் விசைப்பலகையில் புதிதாக அடித்து விடுங்கள். அது யூனிகோட் எழுத்து, தேடினால் கிடைக்கும். அதேபோல நோட்டீஸைப் படமாக மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்து தேடலில் அகப்படும் என்று நம்ப முடியாது. படத்தின் கீழே அதே விஷயத்தை எழுத்தாகவும் எழுதுங்கள்.

மூன்றாவது, இடம். இது நமக்கே உரிய கஷ்டம். வீதிப் பெயர், வீட்டு இலக்கம் என்று டவுன்காரருக்கு இருப்பதுபோல் லயத்துக்கு இருப்பதில்லை. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வருகிறது. அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். போதாததற்கு ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். ஒபிஸ் பலகையில் ஆங்கிலப் பெயர், நமது வாயில் தமிழ்ப் பெயர். வெளியார் தேடுவது பலகைப் பெயரை. நம்மவர் தேடுவது வாய்ப்பெயரை. இரண்டையும் எழுதுங்கள். அதோடு டிவிசன், கிட்டிய டவுன், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் கோவிலா, பிள்ளைக் காம்பராவா, கடையா என்ன அடையாளம் என்று எழுதுங்கள்.

வீட்டு இலக்கம் இல்லாதவர்களுக்கு கூகுள் மேப்பில் ஒரு வழி இருக்கிறது. மேப்பைத் திறந்து, உங்கள் வீடு இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்புக் குறி விழும். கீழே எழுத்தும் இலக்கமும் கூட்டல் குறியும் கலந்த ஒரு சிறு குறியீடு தெரியும். அதற்குப் பிளஸ் கோட் என்று பெயர். உலகத்தில் எந்த இடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு, லயத்துக்கும் உண்டு. காசில்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை. அந்தக் குறியீட்டைப் பக்கத்தில் போட்டால், ஓட்டோக்காரர் நேரே வந்து வாசலில் நிற்பார்.

ஆனால் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், கண்டவரும் வாசலுக்கு வருவது விருப்பமில்லை என்றால், வீட்டு இடத்தைப் போட வேண்டாம். "கொட்டகலை, ஹட்டன் பகுதிகளுக்குக் கொண்டுவந்து தருவோம்" என்று போடலாம். கூகுளிலும் வீட்டு முகவரியை மறைத்து, வேலை செய்யும் பகுதியை மட்டும் காட்ட வசதி இருக்கிறது. அதேபோல் தங்கைமார் தங்கள் சொந்த நம்பரைப் போடாமல், தொழிலுக்கென்று ஒரு சிம் வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரியில் தேவையில்லாத அழைப்பு வந்தால் அதை அணைத்து வைத்துவிடலாம்.

நான்காவது, நம்பரும் நேரமும். மலையில் நிற்கும்போது போன் எடுக்க முடியாது. இது வாடிக்கையாளருக்குத் தெரியாது. மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். "மாலை 5 மணிக்குப் பிறகு அழைக்கவும், மற்ற நேரம் வட்ஸ்அப்பில் எழுதவும்" என்று போடுங்கள். வியாபாரத்துக்கென்று வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று ஒன்று 2018 இல் வந்தது. அதுவும் இலவசம். நீங்கள் இல்லாத நேரத்தில் "வேலையில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன்" என்று அதுவே பதில் அனுப்பும். பொருட்களைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்கவும் அதில் இடம் உண்டு.

நேரம் மாறினால் அதையும் மாற்றுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மண்சரிவில் பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. அந்த நாட்களுக்குப் பிறகு எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஆட்கள் போனில்தான் பார்த்தார்கள். "பாதை திறந்துவிட்டது, தையல் நடக்கிறது" என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தின் உச்சியில் குத்தி வைத்தால் போதும். ஓட்டோ ஓட்டும் தம்பிமாருக்கும் இதையே சொல்கிறேன். சிவனொளிபாதமலைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் சீசன். அதற்கு முன்னமே பக்கத்தைப் பார்த்துத் திருத்துங்கள். போன வருஷத்துக் கட்டணத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷம் ஆளோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

ஐந்தாவது, படம். இந்தியக் கடைகளின் பிளவுஸ் படங்களை எடுத்துப் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், வந்தவர் "இது நீங்க தைச்சதா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? நாம் தைத்ததைப் போடுவோம். லயத்து லைட் வெளிச்சத்தில் அல்ல, மூடுபனி விலகிய நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து எடுத்தால் நிறம் உள்ளபடி வரும். முகப்புப் படம் வட்டமாகத்தான் தெரியும், ஓரத்தில் எழுதிய எழுத்து வெட்டுப்பட்டுவிடும். பிள்ளைகள் உடுப்போடு நிற்கும் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் போடக் கூடாது. பாடசாலைச் சின்னம் தெரிந்தால் பிள்ளை எங்கே படிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆறாவது, விலை. நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால், "இன்பொக்ஸ் வாங்க" என்கிறோம். கேட்டவர் வருவதில்லை. விலையை மறைத்தால் கூடுதலாக இருக்கும் என்றே நினைப்பார்கள். கடையில் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. போனில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? "சாதாரண பிளவுஸ் இத்தனை ரூபாவிலிருந்து, லைனிங் துணி தனி" என்று எழுதுங்கள். இல்லாததை எழுத வேண்டாம். பதிவு செய்யாத தொழிலைப் பதிவு செய்தது என்று போடாதீர்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தபின் போடுவோம்.

கடைசியாக, பூட்டு. பக்கம் யாருடைய கணக்கில் திறந்திருக்கிறதோ அவர் கையில்தான் சாவி. எங்கள் பக்கம் தம்பியின் கணக்கில் இருந்தது. அவன் போன் தொலைந்திருந்தால் பக்கமும் போயிருக்கலாம். குடும்பத்தில் நம்பிக்கையான இரண்டு பேரைப் பொறுப்பாகச் சேருங்கள். "உங்கள் பக்கம் மூடப்படும், உடனே இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். அது ஏமாற்று. போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும், பேஸ்புக் ஒபிஸிலிருந்து என்றாலும், சொல்லக் கூடாது. "காசு தாங்க, லைக் கூட்டித் தாரேன்" என்பவரிடமும் போகாதீர்கள். அப்படி வரும் லைக் ஒருநாளும் பிளவுஸ் தைக்க வராது.

இவ்வளவும் செய்ய எங்களுக்கு ஒரு பகல்தான் சென்றது. அடுத்த நாளே ஆர்டர் குவிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதத்தில் தெரியாத ஆட்கள் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் விலை கேட்டதோடு சரி. ஒருவர் இரண்டு பிளவுஸ் கொடுத்தார். மூன்றாவது ஆள் நுவரெலியாவில் இருக்கும் ஒரு சிங்கள அம்மா. மகளின் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தவர், பிறகு தன் சொந்தக்காரர்களையும் அனுப்பி வைத்தார். அந்த வருஷம் தீபாவளி அட்வான்ஸ் வருவதற்கு முன்னமே அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவிட்டார். பெரிய பணக்காரியாகிவிடவில்லை. ஆனால், "கடன் சொல்லாம எடுத்தேன்" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

கைவேலை நன்றாக இல்லாதவருக்குப் பக்கம் எவ்வளவு துப்புரவாக இருந்தும் பிரயோசனம் இல்லை. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால், அடுத்த தரம் பக்கத்தைத் தேட மாட்டார்கள், உங்களைத் தேடித் திட்ட வருவார்கள். ஆனால் கைவேலை நன்றாக இருந்தும் பெயர் தப்பாகக் கிடப்பதால் கூலி இழப்பது அநியாயம். நமது தாத்தா பாட்டிமாரின் பெயரைத் துண்டிலும் செக்ரோலிலும் மற்றவர்கள் எழுதினார்கள். பிழையாக எழுதினாலும் அதையே கொண்டு அடையாள அட்டை எடுக்க அலைந்தோம். இந்தப் பெயரை மட்டும் நாமே எழுதுகிறோம். பிழையில்லாமல் எழுதலாமே.

இன்று வீட்டுக்குப் போனதும் அடுத்த வீட்டுப் போனை வாங்கி உங்கள் தொழிலைத் தேடிப் பாருங்கள். படித்த பிள்ளைகள் அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள். நீங்கள் செய்துவிட்டுப் போனை மட்டும் நீட்டாமல், அவர்களுக்கும் திருத்தக் கற்றுக் கொடுங்கள். நீங்கள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பலகை நேராகத் தொங்க வேண்டும் அல்லவா?

எல்லாருக்கும் முழுப் பேரு விழட்டும்.